வெள்ளைக் குளிசைக் கைமாற்று

என் அம்மா தன்னுடைய பிரஷர் குளிசைகளை அயலட்டைக்கெல்லாம் கைமாற்றாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார் என்று கண்டுபிடித்த அன்று நான் வீட்டில் போட்ட சத்தம் ஒழுங்கை முகப்பு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டேன். அரைமூடித் தேங்காய், ஒரு சுண்டு அரிசி, அடுப்பு மூட்ட ஒரு கொள்ளி என்று வேலிக்கு மேலால் போய்வருகிற சாமான்கள் இருக்கின்றன. டொக்டர் சோதித்துப் பார்த்து எழுதித் தந்த மருந்தும் அந்த வழியால் போய்வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"உங்களுக்கு என்ன விசரோ அம்மா?"

"ஏன் இப்ப கத்துறாய்? ஆறு குளிசைதானே குடுத்தனான். முன்வீட்டுப் பிள்ளை கிளினிக்குக்குப் போயிட்டு வந்து திருப்பித் தருவா."

"ஆராவது குளிசையைக் கைமாத்துக் குடுக்கிறதோ? அதென்ன மிளகாய்த்தூளோ?"

"போன மாசம் எனக்கு முடிஞ்சுபோய்க் கிடக்கேக்கை தந்தது ஆர்? நீயே தந்தனீ?"

போன மாதம் அம்மா நாள் தவறாமல் குளிசை போட்டதைக் கண்ணால் கண்டவள் நான். அது ஆஸ்பத்திரி தந்தது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறேன். முன்வீட்டு அக்காவின் குளிசையில்தான் அம்மா ஓடிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கீரிமலைப் பக்கத்து வீட்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாக ஓடிவந்தவர்கள் நாங்கள். வெளிநாடு போய்விட்ட ஒருவருடைய வீட்டில் இரண்டு அறை கிடைத்தது. அப்பா முன்பே காலமாகிவிட்டார். தம்பி கனடாவில். ஆக, அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. நான் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற என் முட்டாள்தனத்தின் அளவு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிளினிக் மாதத்தில் ஒரு புதன்கிழமை. விடிய வெளிக்கிட்டு அம்மாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனால், எங்களுக்கு முன்னே வந்தவர்களின் கிளினிக் கொப்பி நாற்பது மேசையில் அடுக்கிக் கிடக்கும். நாலு டொக்டர் இருக்கவேண்டிய ஆஸ்பத்திரியில் ஒருவர்தான் இருந்தார். அவரும் இன்னொரு ஆஸ்பத்திரியில் வாட்டைப் பார்த்துவிட்டு, எங்களைப் போலவே சைக்கிள் மிதித்து, வேர்த்து விறுவிறுத்து வருவார். அந்த மனிதனில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். முதல் நாளே என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ரீச்சர், அம்மான்ரை பிரஷர் விளையாட்டில்லை. இந்தக் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் மூளையிலை இரத்தக்குழாய் வெடிச்சுப் பாரிசவாதம் வந்திடும். பிறகு என்னைக் கேட்டு வேலையில்லை."

சொல்லிவிட்டு ஒரு மாதத்துக்கு என்று கொப்பியில் எழுதினார். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கிற யன்னலில் போய் நின்றால், உள்ளே இருந்தவர் பத்து நாளுக்கு எண்ணிப் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றி நீட்டினார்.

"மிச்சம்?"

"வெளியிலை வாங்குங்கோ."

வெளியில் பாமசிக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார். கப்பல் வரவில்லை, வந்த கப்பலில் இந்தச் சாமான் இல்லை, வந்திருந்தது நேற்றோடு முடிந்துவிட்டது. எழுதுகிறவர் முப்பது நாளுக்கு எழுதுகிறார், கொடுக்கிறவர் பத்து நாளுக்குக் கொடுக்கிறார், விற்கிறவரிடம் ஒன்றுமே இல்லை. அம்மாவின் இரத்தக்குழாய் இதில் யாருடைய பேச்சைக் கேட்டு நடப்பது? இதை நான் யன்னலடியில் சத்தமாகவே கேட்டிருக்கிறேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள்தான் "ஓம் ரீச்சர், மெய்தான் ரீச்சர்" என்றார்கள். யன்னலுக்குள் இருந்தவர் அடுத்த கொப்பியை எடுத்தார். பாவம், அவர் என்ன குளிசையை மடியிலா வைத்திருக்கிறார்.

இந்த இருபது நாள் பள்ளத்தைத்தான் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் தங்கள் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் புதன்கிழமை கிளினிக், இன்னொருவருக்குத் திங்கட்கிழமை, வேறொருவருக்கு மாதக் கடைசியில் பெரியாஸ்பத்திரி. யாருக்குக் கிடைத்ததோ அவர் முடிந்தவருக்குக் கொடுப்பார். கிடைத்ததும் மற்றவர் திருப்பிக் கொடுப்பார். மருந்தின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. "வெள்ளைச் சின்னன்" என்றால் பிரஷர். "மஞ்சள்" என்றால் இன்னொன்று. "பிளந்து போடுறது" என்று ஒன்று இருந்தது. அது என்ன வருத்தத்துக்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சத்தம் போட்டேனே தவிர, நான் அதை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் பதினோராம் நாள் அம்மாவுக்கு என்ன கொடுப்பது? புறுபுறுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

முன்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரே ஒரு மகள். இடியப்பம் அவித்து இரண்டு தேத்தண்ணிக்கடைகளுக்குக் கொடுத்து வாழ்ந்தார். அம்மாவுக்கு இருந்த அதே பிரஷர் அவருக்கும் இருந்தது. என்னிலும் எவ்வளவோ மூத்தவர் என்னை "ரீச்சர், நீங்கள்" என்றுதான் கதைப்பார். அந்தப் புரட்டாதியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு வந்து, தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தை அம்மாவின் கையில் வைத்தார். வாங்கின ஆறு குளிசையும் அதற்குள் இருந்தது. அம்மாவுடையது அன்று காலைதான் முடிந்திருந்தது. அந்தப் பொட்டலத்தை அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

சனிக்கிழமை அம்மாவுக்குப் புரட்டாதிச் சனி விரதம். கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து மத்தியானம்தான் சாப்பிடுவார். விடிய வெறும் தேத்தண்ணியோடு குளிசையைப் போட்டார். வெறும் தேத்தண்ணி என்றால் உண்மையாகவே வெறும் தேத்தண்ணி. சீனி விற்ற விலைக்கு அதை நாங்கள் கண்ணால் பார்ப்பதே விசேஷம். பத்து மணி போல நான் கிணற்றடிக்குப் போனபோது அம்மா துவைகல்லில் இருந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"என்னம்மா, ஏன் இதிலை இருக்கிறியள்?"

"ரெயில் போயிட்டுது. கொப்பர் எங்கை போய் நிக்கிறார்?"

ரெயில் நின்று எத்தனை காலம், அப்பா போய் எத்தனை காலம். டொக்டர் சொன்னது வந்துவிட்டது, மூளையில் வெடித்துவிட்டது என்று நினைத்து நான் கத்தின கத்தலில் ஒழுங்கை முழுக்கக் கிணற்றடிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். தலையில் தண்ணீர் ஊற்று, காலைத் தேய், தேசிக்காயை முகரக் கொடு. "பிரஷர் ஏறிட்டுது, கெதியா இன்னொரு குளிசையைக் குடுங்கோ" என்றார் ஒருவர். நான் ஓடிப்போய் அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்து இன்னொரு வெள்ளைக் குளிசையை அம்மாவின் வாயில் வைத்துத் தண்ணீர் பருக்கினேன். விஞ்ஞான ரீச்சர்! பிள்ளைகளுக்குப் படம் கீறி இரத்தச் சுற்றோட்டம் படிப்பிக்கிறவள்!

வாகனம் என்று ஒன்றும் இல்லை. ஒழுங்கையில் கார் வைத்திருந்த ஒரே ஒருவர் அதில் கோழி அடைத்து வைத்திருந்தார். அம்மாவைக் கரியரில் இருத்தி, சீலை ஒன்றால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தேன். அம்மா ஒரு பக்கம் சரிந்து சரிந்து போனார். முன்வீட்டு அக்காதான் பின்னால் இரண்டு கையாலும் அம்மாவைத் தாங்கிக்கொண்டு, செருப்பும் இல்லாமல், ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடிவந்தார். இரண்டு மைலுக்குக் குறையாது.

சனிக்கிழமை டொக்டர் இல்லை. வயது போன ஒரு நேர்ஸ் மிஸி இருந்தார். அம்மாவின் கையைத் தொட்டதும் அவருடைய முகம் மாறிற்று.

"குளிர்ந்து வேர்க்குது. சீனி வருத்தம் இருக்கோ?"

"இல்லை மிஸி, பிரஷர் மட்டும்தான்."

"என்ன குளிசை குடுக்கிறியள்? காட்டுங்கோ பாப்பம்."

பொட்டலத்தைக் கொடுத்தேன். மிஸி ஒரு குளிசையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது பிரஷர் குளிசை இல்லைப் பிள்ளை. இது இரத்தத்திலை சீனியைக் குறைக்கிற குளிசை. ஆர் தந்தது?"

நான் பதில் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை. தன் தேத்தண்ணிக்கு வைத்திருந்த பனங்கட்டியை எடுத்து, சுடுதண்ணீரில் கரைத்து, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் பருக்கினார். வாட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு குளுக்கோஸ் போத்தலையும் கொண்டுவந்து ஏற்றினார். அரை மணித்தியாலத்தில் அம்மா கண்ணைத் திறந்து எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் நிக்கிறியள்? என்ரை விரதத்தைக் குழப்பிப் போட்டியளோ?"

மிஸியும் பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன். அதன் பிறகு எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் முழுவதையும் விறாந்தையில் சுவரோடு சாய்ந்து காலைப் பார்த்துக்கொண்டு நின்ற முன்வீட்டு அக்காவின் தலையில் கொட்டினேன்.

"எங்கையிருந்து எடுத்தனீங்கள் உந்தக் குளிசையை?"

"என்ரை மச்சாளிட்டை வாங்கினனான் ரீச்சர். கிளினிக்கிலை எனக்கு ஒரு கிழமைக்குத்தான் தந்தவை. அம்மாவுக்குத் திருப்பிக் குடுக்க வேணுமே எண்டு... அதுவும் வெள்ளைச் சின்னன்தானே..."

"வெள்ளையாய் இருந்தால் எல்லாம் ஒண்டோ? அப்ப சுண்ணாம்பையும் குடுங்கோவன்! மனிசரைக் கொல்லப் பாத்தனீங்கள்!"

விறாந்தையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் பாதம் இரண்டும் தாரும் புழுதியும் ஒட்டிக் கிடந்தது. "ஓம் ரீச்சர், என்ரை பிழைதான்" என்றார். நான் இன்னொரு குளிசையை என் கையாலேயே பருக்கினதை அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்த உடனே சட்டம் போட்டேன். குளிசைப் பேணி என் அலுமாரிக்குள், அலுமாரித் திறப்பு என் கையில். ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். இனி ஒருவரும் ஒருவருக்கும் குளிசை கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று விளக்கினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பாதி வீட்டில் இருந்தார்கள். ரீச்சர் சொன்னால் கேட்பார்கள். அம்மாவுக்கு நடந்ததையும் எல்லாரும் கண்ணால் கண்டிருந்தார்கள். நான் சொன்னது பலித்தது. எங்கள் ஒழுங்கையில் குளிசைக் கைமாற்று நின்றுபோயிற்று. அம்மா மட்டும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "ஊரிலை எனக்கிருந்த மரியாதையைக் கெடுத்துப் போட்டாய்" என்றார். உயிரைக் காப்பாற்றினால் மரியாதை போய்விட்டதாம்.

எங்களுக்குக் கடவுளும் கண் திறந்தார். தம்பி அனுப்பின குளிசை, கொழும்பிலிருந்து கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்த ஒருவருடைய பையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூன்று மாதத்துக்குப் போதும். பேணி நிறைந்தது. கிளினிக் யன்னலில் இனி யாரோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை என்று எனக்குத் தோளிலிருந்து சுமை இறங்கினது மாதிரி இருந்தது.

ஐப்பசியில் மழை தொடங்கிற்று. அந்தப் புதன்கிழமை கிளினிக் நடக்கவில்லை. டொக்டருக்கு மலேரியா. பதிலுக்கு அனுப்ப ஆள் இல்லை. "இன்று கிளினிக் இல்லை" என்று சோக்கால் எழுதின பலகையை வாசலில் சாத்தி வைத்திருந்தார்கள். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள்; அந்தப் புதனும் அதே பலகை, அதே எழுத்து. மழை பட்டு அழிந்த இடத்தை மட்டும் யாரோ திரும்ப எழுதியிருந்தார்கள். நோயாளிகள் கொப்பியைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நனைந்து நனைந்து திரும்பிப் போனார்கள். யாரிடம் போய்க் கத்துவது? பலகையிடமா?

அன்று பின்னேரம் முன்வீட்டு அக்கா வந்தார். ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் பேசின பேச்சுக்குப் பிறகு எங்கள் படலையைத் திறந்தது அதுதான் முதல்தரம். உள்ளே வரவில்லை, வாசற்படியோடு நின்றார். கையில் கிளினிக் கொப்பி.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டும் குளிசை முடிஞ்சு மூண்டு நாள். தலை ஒரு மாதிரிக் கிடக்கு. ஒரு நாலு குளிசை இருந்தால்..."

நான் வாயைத் திறக்க முன்னமே கொப்பியை விரித்து நீட்டினார். "பாருங்கோ ரீச்சர், பேர் எழுதியிருக்கு. உங்கடை அம்மான்ரைதானோ எண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. அந்தப் பிழை இனி விடமாட்டன்."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். டொக்டருடைய எழுத்து எனக்குப் பழக்கம். அதே பெயர், அதே அளவு, காலை ஒன்று, மாலை ஒன்று. அம்மாவினுடையதுதான்.

இந்த இடத்தில் என் மனம் என்ன நினைத்தது என்று எனக்கு மிக நன்றாக நினைவிருக்கிறது. இன்றைக்கு இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு அடுத்த வீடு வரும். நாளையின்றைக்கு மச்சாள் வருவார். திரும்பவும் பொட்டலம் போய்வரத் தொடங்கும். இவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்தினதை நானே உடைப்பதா? நான் ரீச்சர். ஒரு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால் வகுப்பே கை விட்டுப் போகும் என்று பழகினவள்.

"அக்கா, பேர் சரிதான். ஆனால் ஒருத்தருக்குக் குடுத்தால் எல்லாருக்கும் குடுக்க வேணும். பிறகு பழையபடி வரும். நீங்கள் நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. கொப்பியைக் காட்டினால் தருவினம்."

இந்த மழைக்குள் பெரியாஸ்பத்திரிக்கு அவர் எப்படிப் போவார் என்று நான் கேட்கவில்லை. சைக்கிள் ஓடத் தெரியாதவர். போனால் அன்றைய இடியப்பமும் இல்லை, அன்றைய சாப்பாடும் இல்லை.

"ஓம் ரீச்சர். நீங்கள் சொல்லுறதும் சரிதான்" என்று கொப்பியை வாங்கிச் சீலைக்குள் வைத்துக்கொண்டு போனார். படலையைச் சத்தம் கேட்காமல் சாத்தினார்.

அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"திறப்பைத் தா."

"தரமாட்டன்."

"அது என்ரை குளிசை. எனக்குத்தான் எழுதினது."

"அதுதான் அம்மா நானும் சொல்லுறன். உங்களுக்குத்தான் எழுதினது."

என் பதில் எனக்கே கெட்டித்தனமாகப் பட்டது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிய, நான் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, அக்காவின் மகள் வேலியால் கூப்பிட்டாள். அடுப்படியில் மாக் குழைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். நான் போனபோது வலது கை மாச்சட்டிக்குள் கிடந்தது. அதை வெளியே எடுக்க அவரால் முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வந்தார். சத்தம் மட்டும்தான் வந்தது.

திரும்பவும் அதே சைக்கிள், அதே இரண்டு மைல். இந்தமுறை பின்னால் தாங்கிக்கொண்டு மகள் ஓடிவந்தாள். அதே மிஸிதான் நின்றார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார்.

"பிரஷர்காரியெல்லே? குளிசை போடுறவாவோ?"

"முடிஞ்சு போச்சு மிஸி" என்றாள் மகள்.

"அயலிலை ஒருத்தரிட்டையும் இல்லையே?"

மகள் தாயின் விரலில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டத் தொடங்கினாள். நான் சைக்கிளில் கட்டிவந்த சீலையை மடித்தேன்.

மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பிற்று. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. நான் போய்ப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு கிழமை எடுத்தது. போகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. சோதனைத் தாள், மழை, அம்மாவின் இருமல். கடைசியில் அலுமாரியைத் திறந்து ஒரு மாதத்துக்குரிய குளிசையை ஒரு தாளில் சுற்றி, மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். பத்து அடி தூரம். அந்தப் பத்து அடிக்குள் சொல்லவேண்டியதை எல்லாம் அடுக்கிவிட்டேன். குளிசை மாறிப் போடுவது எவ்வளவு ஆபத்து, நான் எல்லாருடைய நன்மைக்காகவும்தான் சொன்னேன், பெரியாஸ்பத்திரியில் கட்டாயம் தந்திருப்பார்கள் என்றெல்லாம்.

அக்கா கட்டிலில் சுவரோடு சாய்த்து இருத்தப்பட்டிருந்தார். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு பெரிதாகச் சத்தமிடத் தொடங்கினார். கண் என்னையும் மூலையையும் மாறிமாறிப் பார்த்தது. ஏசுகிறார், கோபத்தில் ஏசுகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும், அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நிலைவாசலில் நின்றேன். சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தாயின் முகத்தைப் பார்த்தாள், கை காட்டின மூலையைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களை நிக்க விடாமல் உந்தக் கதிரையை எடுத்துப் போடச் சொல்லுறா, ரீச்சர்."